நித்திரைச் சட்டிக்காரி

மண்கும்பான் கடற்கரையில் திமிங்கிலம் ஒதுங்கின மாதத்தில்தான் அந்தச் சட்டி எங்கள் ஊருக்கு வந்தது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்து வாசிக்க மாட்டேன், மணிக்கூடு மட்டும் பார்ப்பேன். ஆனால் அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இரண்டு கிழமையாக அந்தப் பக்கம் பஸ் போகும்போது சனமெல்லாம் சேலைத் தலைப்பாலும் சால்வையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. அப்படியிருந்தும் தீவு முழுக்கத் திரண்டு போய்ப் பார்த்தது. நானும் என் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் பெட்டியைப் பூட்டி, சனத்தை ஏற்றிக்கொண்டு மூன்று தரம் போய் வந்தேன்.

அந்தச் சட்டிக்குச் சொந்தக்காரியாகப் போகிற அவர் மட்டும் வரவில்லை.

"ஏறு பிள்ளை, எல்லாரும் போகினம்" என்று கேட்டேன்.

"நான் அந்தக் கரையைப் பாத்திட்டன், அண்ணை" என்று சொல்லிவிட்டு மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தார்.

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்கு நாலு வருஷம் முந்திக் கடலில் போன அவருடைய புருஷன், மூன்றாம் நாள் ஒதுங்கினது அதே கரையில்தான்.

பேர் சொல்லவில்லை என்று குறை நினைக்க வேண்டாம். ஊரில் மூத்தவர்கள் அவரைப் பிள்ளை என்போம், இளையவர்கள் அக்கா என்பார்கள். சட்டி வந்த பிறகு எல்லாருக்கும் நித்திரைச் சட்டிக்காரி. அந்தப் பேர் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு தரமும் மறுத்துச் சொன்னதில்லை.

என் தொழில் தண்ணீர். எங்கள் கரையில் கிணறெல்லாம் உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. சாட்டி என்கிற இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. அங்கே அள்ளி, தாங்கியில் நிரப்பி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். முப்பது வருஷம் செய்தேன். இப்போது முதுகு வளைந்து போனதற்குக் காரணம் அதுதான். சாட்டித் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் மனுசி சொல்லுவாள், அதனால் இந்த மட்டில் விடுகிறேன். அவர் வீடு எங்களிலிருந்து நாலாவது. செவ்வாயும் வெள்ளியும் இரண்டிரண்டு குடம். சட்டி வந்த பிறகு மூன்று.

சட்டியைக் கொண்டு வந்தது மகள். கனடாவில் கட்டிக்கொண்டு போனவள், திமிங்கிலத்தின் மாதத்தில்தான் ஒரு மாத லீவில் வந்திருந்தாள். கறுப்பாக முட்டை வடிவில் ஒரு சட்டி. உள்ளே மண்பாத்திரம் மாதிரி கனத்த ஒரு பாத்திரம், மேலே கண்ணாடி மூடி, பக்கத்தில் திருகுகிற ஒரு குமிழ். அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம், கரண்டில் கொழுவினால் தானாக வேகும் என்றாள். அங்கே பனி கொட்டுகிற நாளில் கோயிலில் கூடுகிற சனத்துக்கெல்லாம் இதில்தான் சூடாகச் சொக்லேற் காய்ச்சிக் கொடுப்பார்களாம்.

"கூட்டத்துக்குக் காய்ச்சிறதுக்கெண்டே செய்தது, அம்மா. நாலு மணித்தியாலம் தன்ரபாட்டில கிடந்து வேகும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

"ஒண்டும் செய்யாட்டி நான் அந்த நாலு மணித்தியாலமும் என்னடி செய்யிறது?"

"சும்மா இருங்கோவன் ஒரு நாளைக்கு."

பாலும் கொக்கோவும் சீனியும் சொக்லேற் கட்டிகளும் போட்டு மகள் கொழுவினாள். அரை மணித்தியாலம் போகவில்லை. சட்டி உறுமத் தொடங்கியது, மூடி துள்ளியது, கறுத்த நுரை பொங்கி மேசையால் வழிந்தது. பொசுங்கின மணம் என் வீடு வரைக்கும் வந்தது. நான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"உதோ மெதுவா வேகிற சட்டி? என்ர விறகடுப்பு உதைவிட நிதானம்."

ஊர்காவற்றுறையில் கரண்ட் வேலை செய்கிற ஒருவரிடம் காட்டினோம். அவர் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த நாட்டுக் கரண்ட் எங்கள் கரண்டில் பாதியாம். எங்களுடையதில் நேரே கொழுவினால் சட்டிக்கு விசர் பிடிக்குமாம். எரிந்து போகாமல் விட்டதே பெரிய காரியம் என்று சொல்லி, கரண்டைப் பாதியாக்குகிற ஒரு இரும்புப் பெட்டியைத் தேடித் தந்தார். அப்பா, அதன் கனம்! அந்தப் பெட்டியால்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன். சட்டியை அவர் மடியில் வைத்துக்கொள்ளுவார். பெட்டியை ஆர் தூக்குவது?

பெட்டி வந்த பிறகு சட்டி அடங்கிவிட்டது. சத்தமில்லை, ஆவியில்லை, வேகுதா இல்லையா என்றே தெரியாது. "உது நித்திரை கொள்ளுது" என்று ஆரோ சொன்னார்கள். நித்திரைச் சட்டி என்ற பேர் அப்படி வந்ததுதான்.

மகள் விமானம் ஏறிவிட்டாள். பெட்டிபெட்டியாகக் கொக்கோத் தூள் மட்டும் வந்துகொண்டிருந்தது. தனியாளுக்கு அறுபது பேருக்குக் காய்ச்சுகிற சட்டி எதற்கு? அவர் அதைத் தூக்கிக்கொண்டு சனம் காத்துக்கிடக்கிற இடங்களுக்குப் போகத் தொடங்கினார். எங்கள் தீவில் அதற்கா குறைச்சல்? கடல் கடக்கப் பாதை வள்ளத்துக்குக் காத்திருப்போம், பஸ்ஸுக்குக் காத்திருப்போம், அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரியவர் வருவார் என்று கோயில் மண்டபத்தில் காலை ஏழு மணியிலிருந்து காத்திருப்போம். பெரியவர் பன்னிரண்டுக்கு வந்து ஒன்றுக்குப் போய்விடுவார். இருந்து இருந்தே களைத்துப்போன சனம் நாங்கள்.

அவர் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். சாட்டித் தண்ணீரில் பால்மாவைக் கட்டியில்லாமல் கரைப்பார். கொக்கோவைத் தனியாக, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் அரைத்துக் களியாக்குவார். பிறகு சீனி, ஒரு பேணி டின்பால், கறுவாப்பட்டை ஒரு துண்டு, மூன்று விரலால் கிள்ளின உப்பு. உப்புப் போடுவதைப் பார்த்து நான் கேட்டேன்.

"பாலுக்குள்ள உப்பே?"

"இந்தத் தீவில உப்பில்லாத என்ன சாமான் இருக்கு, அண்ணை?"

எல்லாம் விட்டு மூடினால் முடிந்தது. பக்கத்தில் ஒரு எலாம் மணிக்கூட்டை வைப்பார், பச்சை நிறம், கண்ணாடியில் ஒரு கீறல். நாலு மணித்தியாலம். அதற்குள் அந்த மூடியை ஒருவரும் தொடக் கூடாது. ஒரு தரம் திறந்தால் சூடு போய் அரை மணித்தியாலம் பிந்துமாம், மகள் சொல்லிவிட்டுப் போனது. அதை அவர் வேதமாகப் பிடித்துக்கொண்டார். கதிரையைப் போட்டுச் சட்டிக்கு முன்னால் இருப்பார். சாப்பிடப் போக மாட்டார், ஆரோடும் கதைக்க மாட்டார், கண்கூட அயர மாட்டார். சட்டி தன்பாட்டில் வேகும் என்றுதானே வாங்கினது? அவருக்கு அப்படி இருக்க ஏலாமல் போயிற்று.

ஒரு நாள் கோயில் மண்டபத்தில் கண் பார்க்கிற டொக்டர் வருவதாக இருந்தது. மழை. டொக்டர் பிந்திவிட்டார். அறுபது எழுபது கிழடுகட்டைகள், அதில் நானும் ஒருவன், ஈரத்தோடு மர வாங்குகளில் இருந்தோம். ஊர் விதானையார் நல்ல மனுசன்தான், ஆனால் பொறுமை கொஞ்சம் காணாது. இரண்டு தரம் சட்டியைச் சுற்றி வந்தார். மூன்றாம் தரம் மூடியில் கை வைத்தார். அகப்பை எப்படி எழும்பினது என்று நான் காணவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயோ! என்ன அக்கா, அரசாங்க உத்தியோகத்தனுக்கு அடிக்கிறியளே?"

"உம்மட உத்தியோகம் வெளியில. இஞ்சை என்ர சட்டி."

"மணத்தைப் பாக்கத்தானே திறந்தனான்."

"மணம் நேரம் வரத் தானா வரும். போய் இரும்."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலமோ!"

"ஒரு மணித்தியாலம் ஒரு நேரமே?" என்றார் அவர்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முந்தியும் ஒரு தரம் கேட்டிருக்கிறேன்.

அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். சொல்லக் களைப்பாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் மிச்சம் விளங்காது.

அவருடைய புருஷன் மீன்பிடிக்கப் போனது இவருடைய சொந்தத் தம்பியின் போட்டில். தம்பிக்காரன் நாரந்தனையில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்தான். மச்சானும் மச்சானும் சேர்ந்து போவார்கள். ஒரு வாடைக்காற்று நாளில் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. வெட்டி எடுக்கிறேன் என்று கத்தியோடு குதித்த மனுசன் மேலே வரவில்லை. தம்பி பார்த்தான், கூப்பிட்டான், இரண்டு தரம் தானும் குதித்தான். போட்டை நீரோட்டம் இழுத்தது. மண்ணெண்ணையும் முடியப் பார்த்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று கரைக்கு வந்தான். கடலில் நிற்கிற எவனும் அதைத்தான் செய்வான், நானாக இருந்தாலும்.

அவன் போட்டை விட்டு இறங்கும்போது நானும் கரையில் நின்றேன். அவர் தண்ணீருக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கிப் போய், தம்பியின் சேட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவு நேரமடா நிண்டனீ?"

"ஒரு மணித்தியாலம், அக்கா."

"ஒரு மணித்தியாலம் ஒரு நேரமே?"

அவ்வளவுதான். பிடியை விட்டார். அதற்குப் பிறகு தம்பியோடு கதை இல்லை. சாவீட்டில் கதை இல்லை, ஆண்டுத் திவசத்தில் கதை இல்லை. கோயிலில் ஒரே வாங்கில் தம்பி வந்து இருந்தால் இவர் எழும்பி வேறிடம் போவார். மகளும் தாயின் பக்கம். அந்த மாமனின் பேச்சையே அவள் வாயால் எடுத்ததில்லை. தம்பிக்காரன் அதோடு கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். போட்டை விற்று, மேசன்மாருக்குச் சாந்து குழைக்கப் போனான். ஒரு நாள் நான் அவன் வீட்டுப் பக்கம் தண்ணீர் கொண்டு போனபோது, "அக்கா என்ன செய்யிறா, அண்ணை?" என்று கேட்டான். "சொக்லேற் காய்ச்சிறா" என்றேன். அவன் தாங்கியின் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்படி எட்டு வருஷம்.

பிறகு ஒரு மார்கழியில் தம்பியின் மனுசி செத்துப்போனாள். சுகமில்லாமல் கனகாலம் கிடந்தவள். அடக்கத்துக்கு அவளுடைய அண்ணன் ஒருவன் பிரான்ஸிலிருந்து வர வேண்டும் என்று சவப்பெட்டியை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மழை விடாமல் அடித்தது. இரண்டாம் நாள் காலை ஏழரை மணிக்கு நான் தாங்கியைக் கழுவிக்கொண்டிருக்க, இவர் சட்டியோடு படலையடியில் நின்றார்.

"இரும்புப் பெட்டியை ஏத்துங்கோ, அண்ணை."

"எங்கை, மண்டபத்துக்கோ?"

"நாரந்தனைக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரும்புப் பெட்டியை ஏற்றி, மேலே ஒரு தறப்பாளைப் பிடித்துக்கட்டி, வெள்ளத்துக்குள்ளால் ஓடினேன். வழி முழுக்க அவர் சட்டியை மடியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் எங்களைப் போல வேதக்காரர், சைவர் என்றில்லை, பெட்டி சேமக்காலைக்கு வெளிக்கிடும் வரைக்கும் சாவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம். தேத்தண்ணி, சாப்பாடு எல்லாம் அயல்வீடுகளிலிருந்து வர வேண்டும். அன்றைக்கு அயலெல்லாம் வெள்ளம். குசினிக்குள் தண்ணீர், விறகு நனைந்து போயிற்று. விடியப்புறம் ஒரு வீட்டிலிருந்து ஒரு கேத்தில் வெறுந்தேத்தண்ணி வந்ததோடு சரி. ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அழுது முடித்து, செபமாலை சொல்லி முடித்து, இனிச் செய்ய ஒன்றுமில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். தம்பிக்காரன் பெட்டியின் கால்மாட்டில் நிலத்தில் இருந்தான். அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சொன்னார்கள்.

இவர் ஆரையும் கேட்கவில்லை. விறாந்தை மூலையில் சட்டியை வைத்தார், கொழுவினார், கரைத்தார், மூடினார். மணிக்கூட்டை வைத்தார். அப்போது செத்தவளுடைய பெரியப்பர் எழும்பி வந்தார். எண்பது வயது, தடியும் அதிகாரமும்.

"ஆரது சாவீட்டில அடுப்பு மூட்டுறது?"

"அடுப்பில்லை, பெரியையா. நெருப்பிருந்தாக் காட்டுங்கோ, இப்பவே கொண்டுபோறன்."

கிழவர் குனிந்து பார்த்தார். சட்டியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"சுடுகுது."

"பெட்டிக்கு மேல லைற் எரியுது. அதுவும் சுடும். அதுவும் இந்த வயராலதான் வருது. அதை அணைச்சாப்போல இதையும் அணைக்கிறன்."

கிழவர் லைற்றைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சனத்தின் முகத்தைப் பார்த்தார்.

"சீனி போட்டிட்டியோ?"

"ஓம்."

"எனக்குச் சீனி வருத்தம். அரைப் பேணிதான் தரவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தார்.

ஒன்பது மணி இருக்கும். தம்பிக்காரன் எழும்பி விறாந்தைக்கு வந்தான். தமக்கையைப் பார்க்கவில்லை. சட்டிக்கு மற்றப் பக்கத்தில், சுவரோடு, நிலத்தில் இருந்தான். நடுவில் சட்டியும் மணிக்கூடும். சனமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தது. இவரும் அவனைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தார். ஒரு மணித்தியாலம் போயிற்று. அந்த முள் பத்தைத் தாண்டும்போது நான் அவனையே பார்த்தேன், எழும்பிப் போய்விடுவானோ என்று. எழும்பவில்லை. ஆரோ வந்து, "பாதர் வாறாராம், நேரம் கேக்கிறார்" என்று கூப்பிட்டார்கள். கையைக் காட்டி, பிறகு என்றான். இரண்டு மணித்தியாலம். மூன்று. கூரையால் ஒழுகின தண்ணீர் அவன் தோளில் விழுந்தது. தள்ளி இருக்கலாம், இருக்கவில்லை.

எலாம் அடிக்க இன்னும் இருபது நிமிஷம் கிடந்தது. நான் வடிவாகப் பார்த்தேன், அதில் எனக்குப் பிழை வராது. அவர் மணிக்கூட்டை எடுத்து முகம் குப்புற வைத்தார்.

"திறந்து பாரடா" என்றார்.

அவன் நிமிர்ந்தான். சிவந்த கண்.

"இன்னும் நேரம் கிடக்கெல்லோ, அக்கா."

"போதும், காணும்" என்றார். பிறகு, "அண்டைக்கு நீ நிண்டதும் காணும்" என்றார்.

விதானையாருக்கு அடித்த அந்த அகப்பையை அவனுடைய கையில் கொடுத்தார். அவன் மூடியைத் தூக்கினான். மூடியில் நின்ற வெந்நீரெல்லாம் அவன் காலில் ஒழுகிற்று. அவனுக்கு அது தெரிந்ததாக எனக்குப் படவில்லை.

சொக்லேற் சரியாக வேகவில்லை. அடியில் கட்டி கட்டியாகக் கிடந்தது. அவரே பேணிகளில் வார்த்தார், முதல் பேணி தம்பிக்கு. அவன் குடித்தான். "கட்டியாக் கிடக்குது" என்று பெரியப்பர் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு அரைப் பேணி கேட்டார்.

இதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொன்னால் அது பொய். திரும்பி வரும்போது சட்டியையும் இரும்புப் பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். "கழுவிக் கொண்டந்து தருவான்" என்றார். அவன் கொண்டு வந்தான். வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். ஞாயிறு ஞாயிறாக வந்தான். அவ்வளவுதான். இது நடந்தது என்று மகளுக்கு ரெலிபோனில் சொன்னாயோ என்று ஒரு நாள் கேட்டேன். "நேரில வரட்டும், முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்" என்றார். அவருக்கு எதற்கும் அவசரமில்லை. மூன்று வருஷத்தில் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் போய்விட்டார்.

மகள் வந்தாள். மாமன் சவப்பெட்டி தூக்க வந்தபோது, எல்லாருக்கும் முன்னால், "நீங்கள் தொடவேண்டாம்" என்றாள். அவன் பின்னுக்கு நின்று, சேமக்காலை வரைக்கும் நடந்து வந்தான்.

நான் அவளுக்குச் சொல்லத்தான் போனேன். போய், அவளை இருத்தி, சாட்டித் தண்ணீரில் தொடங்கினேன். பிறகு திமிங்கிலம். பிறகு இரும்புப் பெட்டி. "மாமா, எனக்கு நாளைக்கு பிளைற், பிறகு கதைப்பம்" என்று எழும்பிவிட்டாள். பாவம், அவளிலும் பிழையில்லை. என் கதை எப்போதும் அப்படித்தான், வர வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் கேட்கிற ஆள் போய்விடும்.

சட்டி இப்போது தம்பியிடம். தமக்கையின் ஆண்டுத் திவசத்தில் கோயில் வளவில் காய்ச்சுகிறான். நாலு மணித்தியாலமும் பக்கத்தில் இருக்கிறான். வயதும் போய்விட்டது, அவனுக்கும் எனக்கும்.

கனடாவில் உங்களுக்கு ஆராவது இருப்பார்கள். எங்கள் தீவுச் சனம் அங்கே கோயிலில் கூடுகிறதாம். குளிர்காலத்தில் அந்தக் கூட்டத்துக்கு இப்படி ஒரு சட்டியில் சொக்லேற் காய்ச்சுகிற பிள்ளை ஒன்று இருக்கும். மூடியைத் தொட ஆரையும் விடாதாம், தாயைப் போல. அவள்தான். அவளுக்குச் சொல்லிவிடுங்கள். என்னைப் போலச் சாட்டித் தண்ணீரில் தொடங்க வேண்டாம். இருபது நிமிஷம் கிடக்க அம்மா மாமனை மூடி திறக்கச் சொன்னா என்று சொல்லுங்கள். அண்டைக்கு நீ நிண்டதும் காணும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தையும் அப்படியே சொல்லுங்கள். மிச்சம் அவளுக்கு விளங்கும்.